சிவப்பு வண்டியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள்

சிங்கப்பூரில் நம் வட்டாரத்தில் தீயணைப்பு வரலாற்றுக்கென ஓர் அரும்பொருளகம் அமைக்க முன்வந்திருக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

சமூக மன்றத்தில் நீங்கள் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். கருத்துச் சொல்ல வைத்திருந்த தாளில் நாலு வரிக்குத்தான் இடம். எனக்கு அது பத்தவில்லை, அதனால் இந்த மடல். உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நான் கேட்கப்போகும் சில பொருள்கள் உங்களிடம் இல்லை. சிராங்கூன் சாலை, ஃபேரர் பார்க் பக்கத்து வீடுகளின் அலமாரிகளிலும் ஸ்டோர் ரூம்களிலும்தான் கிடக்கின்றன.

நான் தேசிய சேவையைத் தீயணைப்பில் முடித்தவன். அப்புறம் ஓய்வு பெறும்வரை கட்டடங்களில் தீப்பாதுகாப்பு மேலாளர் வேலை. வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் தீயணைப்புக் கருவி எது, அதை எதற்கு, எப்படிப் பிடிப்பார்கள் என்பது கொஞ்சம் தெரியும்.

முதலில் அந்தச் சிவப்பு வண்டி. கூடத்தின் நட்டநடுவில் அதை நிறுத்தியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள், சரி. ஆனால் வண்டி பார்க்கத்தான் ஹில் ஸ்திரீட் இருக்கிறதே. 1908ல் கட்டி முடித்த மத்திய தீயணைப்பு நிலையம் சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பட்டையுமாக இன்னும் கம்பீரமாக நிற்கிறது. 1998ல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 2001ல் அதற்குள்ளேயே குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் காட்சிக்கூடத்தைத் திறந்தார்கள். பழைய வண்டிகள், சீருடைகள், மூச்சுக் கருவிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அதோடு நம்மால் போட்டிபோட முடியாது. போட வேண்டிய தேவையும் இல்லை.

நமக்குக் கிடைத்திருப்பது சின்ன இடம். அதில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டப் பார்த்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்: இந்த ஊரில் தீப்பிடித்தபோது முதலில் ஓடி வந்தது யார், தண்ணீரை எதில் கொண்டுவந்தார்கள்? ஆங்கிலேயர் வந்த 1819லிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் அந்தக் கேள்வியில் கோத்துவிடலாம். அதில் சிவப்பு வண்டிக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் நடுவில் இல்லை.

உங்கள் வரைபடத்தில் கதை 1888ல் தொடங்குகிறது, நகராண்மை தீயணைப்புப் படை முறையாக அமைந்த ஆண்டு என்பதால். அலுவலகக் கோப்பு அங்கே தொடங்கலாம். தீ அதற்கு முன்பே வந்துவிட்டது. தமிழர்களாகிய நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் கடையிலேயே வந்தது.

நாராயண பிள்ளை 1819ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்தவர். இங்கே முதல் செங்கல் சூளையைப் போட்டவர். பிறகு துணிக்கடை வைத்தார். 1822ல் அந்தக் கடை தீயில் போனது. சரக்கெல்லாம் வெள்ளைக்கார வணிகர்களிடம் கடனுக்கு வாங்கியது. காப்பீடு, இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லாத காலம். கடன்காரர்களிடம் தவணை கேட்டு, ராஃபிள்ஸிடம் முறையிட்டு, கமர்ஷியல் ஸ்குவேரில் நிலம் வாங்கி மறுபடி எழுந்தார். அந்த ஸ்குவேர்தான் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். 1827ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலை எழுப்பியவரும் அவரே. தீமிதிக்குப் பேர்போன அந்தக் கோயில் தொடக்கத்தில் மரமும் அத்தாப்பு ஓலையுமாகத்தான் இருந்தது. 1843ல்தான் செங்கல் கட்டடம் வந்தது.

இந்தக் கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் முன்னோடி வரலாறாகப் படிக்கிறார்கள். தீயணைப்பு வரலாறாக யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. உங்கள் முதல் பலகை இதுவாக இருக்கட்டும். ஒரு பக்கம் ஒரு செங்கல், இன்னொரு பக்கம் ஒரு கட்டு அத்தாப்பு ஓலை வைத்தால் போதும், வேறு அலங்காரம் வேண்டாம். அத்தாப்பு கிடைப்பது கஷ்டம் என்று சொல்வீர்கள். ஜொகூர் பக்கம் சொல்லி வைத்தால் கிடைக்கும்.

அடுத்து 1830. பிப்ரவரியில் சைனாடவுன் பகுதியில் பிடித்த தீ பிலிப் ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் என்று 3 நாள் எரிந்தது. தீயணைப்பு எஞ்சின் என்று ஒன்றும் ஊரில் கிடையாது. அந்த மார்க்கெட் ஸ்திரீட்டில்தான் பின்னாளில் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக வந்தன. வட்டிக்கணக்கு எழுதிய அந்த நீளமான கூடங்களில் பெட்டகமும் ஏடுகளும் அடுக்கி வைத்து வாழ்ந்த மனிதர்கள் தீக்கு எவ்வளவு பயந்திருப்பார்கள்! கிட்டங்கிப் பெட்டகம் ஒன்று யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து குழுவுக்குச் சொல்லுங்கள். சாவி தொலைந்திருந்தாலும் பரவாயில்லை.

அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் தீ என்றால் கூப்பிட்ட ஆள்களில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் உண்டு. 1825லிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். சாலை போட்டார்கள், சதுப்பு நிலம் தூர்த்தார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள், இஸ்தானாவைக் கட்டினார்கள். 1873ல் அந்த முறை முடிந்தது. கட்டடம் கட்டியதற்காக அவர்களை இப்போது எல்லாரும் நினைவுகூர்கிறார்கள், நல்லது. வாளி தூக்கியதற்கும் ஒரு வரி எழுதுங்கள். ‘குற்றவாளிகள்தானே, குடும்ப அரும்பொருளகத்தில் எதற்கு’ என்று யாராவது முகம் சுளித்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

இனி தண்ணீர். உங்கள் திட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுதான். வண்டி இருக்கிறது, ஏணி இருக்கிறது, தலைக்கவசம் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எங்குமே இல்லை. 1857ல் டான் கிம் செங் என்ற வணிகர் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர 13,000 வெள்ளி கொடுத்தார். தாம்சன் ரோட்டு நீர்த்தேக்கம், இன்றைய மெக்ரிட்சி, 1868ல் கட்டியாயிற்று. ஆனால் பம்பும் குழாயும் முடிந்து தண்ணீர் ஊருக்கு ஒழுங்காக வந்தது 1877ல். நன்கொடைக்கும் தண்ணீருக்கும் நடுவில் 20 வருடம்! அதுவரை கிணறு, ஆறு, மாட்டு வண்டி. குழாய் வந்த பிறகுதான் தெருவில் ஹைட்ரண்ட், அதாவது தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் குழாய்முனை, வைக்க முடியும். ஹைட்ரண்ட் இருந்தால்தான் எஞ்சினுக்கு வேலை. 1888ல் படை அமைந்தது என்ற செய்தியைத் தனியாகப் பலகையில் எழுதினால் யாரோ ஓர் அதிகாரிக்குத் திடீரென்று யோசனை வந்த மாதிரி இருக்கும். 1857, 1868, 1877, 1888 என்று வரிசையாக வைத்தால் விஷயம் தானாகப் புரியும்.

தண்ணீரின் கனத்தைக் கையில் காட்ட வேண்டும். கம்பங்களில், அதாவது அந்தக் காலக் கிராமங்களில், பொதுக் குழாயடியிலிருந்து மண்ணெண்ணெய் டின்னில்தான் தண்ணீர் பிடித்து வந்தார்கள், தோளில் ஒரு கம்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு டின். ஒரு டின்னில் 18 லிட்டர், அதாவது 18 கிலோ. இரண்டுக்கும் 36. கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதைத் தூக்கி நடக்கச் சொல்லுங்கள். (பிள்ளைகளுக்குக் கால் டின் போதும். பெரியவர்களுக்கும் அரை டின்னுக்குமேல் வேண்டாம், முதுகு பிடித்துக்கொண்டால் உங்கள் மேல் வழக்குப் போடுவார்கள்.) வண்டியில் ஏறிப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளை மறுநாளே மறந்துவிடும். டின் தூக்கிய பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லும்.

எங்கள் பக்கத்து புளோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். பழைய பொம்பாக்காரர், அதாவது தீயணைப்பாளர், நிலையத்துக் குவார்ட்டர்ஸிலேயே குடும்பம் நடத்தியவர். கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்தால் அவரிடமிருந்து வண்டியைப் பற்றியோ தீயைப் பற்றியோ ஒரு வார்த்தை வராது. ஹோஸை, தண்ணீர் பாய்ச்சும் துணிக் குழாயைப் பற்றித்தான் பேசுவார். “தம்பி, நெருப்பை அணைச்சிட்டு வந்தா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதே. அப்புறம்தான் ஹோஸ் கழுவணும்” என்பார்.

அந்தக் காலத்து ஹோஸ் கித்தான் துணியில் நெய்தது. முதலில் தண்ணீரைத் திறந்தவுடன் உடம்பெல்லாம் வேர்வை மாதிரி கசியும். நூல் தண்ணீரைக் குடித்து உப்பிய பிறகுதான் ஓட்டை அடைந்து கசிவு நிற்கும். அதற்குள் பிடித்திருப்பவர் தொப்பலாகிவிடுவார். வேலை முடிந்து திரும்பினால் கரியும் சேறுமாக இருக்கும் குழாயைத் தரையில் நீட்டிப் போட்டு பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு கோபுரத்தில் கயிறு கட்டி மேலே இழுத்துத் தொங்கவிட வேண்டும். ஹில் ஸ்திரீட் நிலையத்தின் உயர்ந்த கோபுரத்தில் நின்று ஊரில் எங்கே புகை என்று பார்த்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஹோஸ் காயப்போட்டதும் அதே கோபுரத்தில்தான். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், பூஞ்சை பிடித்த இடம் அடுத்த தடவை அழுத்தம் ஏறும்போது வெடிக்கும். மழைக்காலத்தில் காயவே காயாது என்று இன்றைக்கும் அலுத்துக்கொள்வார். ஈரக் குழாயின் கனத்தை அவர் கையை விரித்துக் காட்டும்போது பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு முனையின் பித்தளைக் கப்ளிங்கை இன்னொன்றில் சொருகி ‘டக்’ என்று விழும் சத்தத்தைக் காதில் வாங்காமல் தண்ணீர் கேட்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அந்தச் சத்தத்தை உங்கள் கூடத்தில் வையுங்கள். கண்ணாடிக்குள் இல்லாமல், யார் வேண்டுமானாலும் சொருகிப் பார்க்கும்படி இரண்டு கப்ளிங் மேசையில் திருகி வைத்தால் போதும். விரல் நசுங்காத மாதிரி ஒரு தடுப்பும் வேண்டும்.

புக்கிட் ஹோ சுவீ கம்பத்துத் தீயைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, அது உங்கள் வரைபடத்தில் நன்றாகவே வந்திருக்கிறது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. 4 பேர் இறந்தார்கள், கிட்டத்தட்ட 16,000 பேர் வீடிழந்தார்கள், 2,200க்கும் அதிகமான வீடுகள் போயின. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அதே இடத்தில் அடுக்குமாடி எழுப்பியது. எல்லாம் சரி. ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தப் பலகையை வீவக வெற்றிக் கதையாக மட்டும் முடித்துவிடாதீர்கள். தீக்கும் புது வீட்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடங்களில் படுத்திருந்தார்களே, அந்த நாள்களும் அதே கதைதான்.

இப்போது நம் வட்டாரத்துக்கே வருகிறேன். ஹோட்டல் நியூ வோர்ல்டை நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

கேட்டபோது, அது இடிந்து விழுந்ததுதானே, எரியவில்லையே, தலைப்புக்குப் பொருந்தாது என்று ஓர் இளைஞர் சொன்னார். நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது. 1986 மார்ச் 15, சனிக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன்பு. சிராங்கூன் சாலையும் ஓவன் ரோடும் சேரும் முனையில் 6 மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்தது. கீழே வங்கி, மேலே ஹோட்டல். 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். தேக்கா சந்தைக்குக் கறி வாங்க வந்தவர்கள், கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், கடைக்காரர்கள் என்று நம் ஆள்கள் நிறையப் பேர் அந்தப் புழுதியைத் தங்கள் சட்டையில் தட்டியவர்கள்தான். இந்த வட்டாரத்தில் அரும்பொருளகம் வைத்துவிட்டு அதை விடுவது எப்படி?

தலைப்புக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. தீயணைப்புக்காரர்களின் வேலையே அங்கேதான் மாறியது. தண்ணீர் அடிக்கப் பழகியவர்கள் இடிபாட்டுக்குள் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. ஒரு பலகையை இழுத்தால் மேலே இருப்பது மொத்தமும் உள்ளே இருப்பவர்மேல் இறங்கும். தீயணைப்புச் சேவை, குடிமைத் தற்காப்புப் படை, ராணுவம் மூன்றும் அங்கே நின்றன. அப்போது எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுச் சுரங்க வல்லுநர்களும் கூப்பிடாமலே வந்து, பக்கத்திலிருந்து குடைந்து போகலாம் என்று வழி காட்டினார்கள். பெரிய இயந்திரங்களை நிறுத்திவிட்டு, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, உள்ளேயிருந்து யாராவது தட்டுகிறார்களா என்று காதைக் கொடுப்பது இந்த வேலையில் ஒரு முறை. வெளியே ஆயிரம் பேர் நிற்கும் தெருவில் அப்படி ஓர் அமைதியை உண்டாக்குவது சாதாரணக் காரியமா?

அப்புறம் நடந்தவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். விசாரணையில் காரணம் வந்தது: கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் தூண்களை வடிவமைத்திருந்தார்கள். அதன் பிறகு கட்டட வரைபடங்களை இன்னொரு தகுதிபெற்ற பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1989ல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாயின. 1990ல் டார்ட் என்ற சிறப்பு மீட்புக் குழு அமைந்தது. இன்றைக்கு 995ஐ அழுத்தினால் வருகிற படையின் உருவம் ஓவன் ரோட்டு முனையில் தொடங்கியது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் தப்பில்லை. அந்த இடத்தில் இப்போது வேறொரு ஹோட்டல் நிற்கிறது. உங்கள் கூடத்திலிருந்து நடந்தே போகலாம். வருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

ராபின்சன்ஸ் தீயை நீங்கள் ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். என் வேலை காரணமாக எனக்கு அது நெருக்கமானது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1972 நவம்பர் 21 காலை, ராஃபிள்ஸ் பிளேஸில் அந்தப் பெரிய கடை எரிந்தது. நாராயண பிள்ளை மறுபடி கடை போட்ட அதே சதுக்கம், 150 வருடம் கழித்து. 9 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் மின்தூக்கிக்குள் சிக்கியவர்கள். ‘தீ ஏற்பட்டால் மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள்’ என்ற பலகையை நாம் தினமும் பார்க்கிறோம், யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு பயிற்சியின்போதும் நான் அந்த 9 பேரைப் பற்றிச் சொல்வேன். சொன்ன பிறகுதான் ஆள்கள் படிக்கட்டுப் பக்கம் திரும்புவார்கள். நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் அந்தப் படிக்கட்டையே அட்டைப்பெட்டி அடுக்கும் இடமாக வைத்திருந்தார்கள். எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. கடைசியில் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்றதும் ஒரே இரவில் காணாமல் போயின! ஆகையால் அரும்பொருளகத்தில் அந்தச் சாதாரணப் பலகையை மாட்டுங்கள், பக்கத்தில் ராபின்சன்ஸ் படத்தை வையுங்கள். தீப்பொறி பறக்கும் பற்றவைப்பு வேலைக்கு முன்னால் நிரப்புகிற ‘ஹாட் வர்க் பெர்மிட்’ தாளையும் அதேபோல வைக்கலாம். பக்கத்தில் 1978 அக்டோபர் 12, ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்த செய்தி.

பட்டாசும் ஒரு மூலையில் இருக்கட்டும். 1970ல் பாதித் தடை, 1972ல் முழுத் தடை. தீபாவளிக்கு வாணம் விட்ட கையோடு வளர்ந்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். தடையை ஏசிக்கொண்டே கடைப்பிடித்த தலைமுறை. அவர்களைப் பேசவிட்டால் கூட்டம் கலகலப்பாக இருக்கும்.

இனி ஒரு நிகழ்காலச் சங்கதி. 2025 ஏப்ரல் 8 காலை ரிவர் வேலி ரோட்டில் ஒரு மூன்று மாடிக் கடைவீட்டில் தீப்பிடித்தது. உள்ளே பிள்ளைகள். மேல்மாடி ஜன்னல் விளிம்பில் புகைக்கு நடுவே நின்றார்கள். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், படை வந்து சேருவதற்குள் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைமாற்றி இறக்கினார்கள். ஒரு சிறுமியைக் காப்பாற்ற முடியாமல் போனது. மனிதவள அமைச்சு பிறகு 18 ஊழியர்களுக்கு நினைவு வில்லை வழங்கிப் பாராட்டியது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அதே ஆண்டு ஜூலையில் தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தபோதும் அப்படித்தான், பக்கத்துத் தளத்து ஊழியர்கள் கயிறு போட்டு ஓட்டுநரை மேலே இழுத்தார்கள்.

முதலில் ஓடி வந்தது யார் என்று கேட்டேனே. அந்தக் காலத்தில் கைதிகள், கம்பத்தில் டின் தூக்கியவர்கள், 1986ல் சுரங்கக்காரர்கள், 2025ல் சாரம் தூக்கியவர்கள். அந்தச் சாரத்தின் ஒரு துண்டு, ஒரு குழாயும் இரண்டு கிளாம்பும் போதும், கேட்டு வாங்கி வையுங்கள். கூடத்தின் நடுவில் எதையாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் அதை வையுங்கள். அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிற ஊழியர்கள் உள்ளே வருவார்கள். ஆகையால் ஞாயிறு மூடும் யோசனையைக் கைவிடுங்கள். திங்களன்று மூடிக்கொள்ளலாம்.

பொருள் சேகரிப்பதில் ஒரு கடும் எச்சரிக்கை. பழைய தீயணைப்புப் பொருள்களை யார் கொடுத்தாலும் வாங்கி நேராக மேசையில் வைத்துவிடாதீர்கள். பழைய தீப்போர்வை, கையுறை, முகத்திரை ஆகியவற்றில் கல்நார் இருக்கலாம், ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். பிரித்து உதறினால் தூசி நுரையீரலுக்குப் போகும். பார்க்க அழகாக, கைப்பம்பு மாதிரி இருக்கும் பழைய பித்தளை அணைப்பான்களில் கார்பன் டெட்ராகுளோரைடு இருந்தது. அந்தத் திரவம் நச்சு, சூட்டில் பட்டால் அதைவிடக் கொடிய வாயுவாகும். சோடாவும் அமிலமும் கலக்கும் பழைய உருளைகளின் உள்பக்கம் அரித்திருக்கும், யாராவது விளையாட்டாகக் கவிழ்த்து இயக்கப் பார்த்தால் உருளையே பிளக்கலாம். எல்லாவற்றையும் முதலில் மூடிய பெட்டியில் வைத்து, தகுதியானவர்களிடம் சோதனைக்குக் கொடுத்து, காலி செய்த பிறகு காட்சிக்கு வையுங்கள். ரப்பர் முகமூடிகள் நம் வெக்கையில் பிசுபிசுத்து உருகும், கித்தான் ஹோஸ் பூஞ்சை பிடிக்கும். புளோக்கின் கீழ்த்தளத்தில் திறந்தவெளியாக வைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இந்தப் பொருள்களுக்காகவாவது ஒரு குளிர்சாதன அறை கேளுங்கள். மரபுடைமைக் கழகத்திடம் மானியத்துக்கு எழுதும்போது முதல் செலவாக அதைப் போடுங்கள், திறப்புவிழாச் சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்து விஷயம். தமிழ்ப் பலகையைக் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்காதீர்கள். நிலையத்தில் வேலை பார்த்த ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். 1935லிருந்து வந்துகொண்டிருக்கும் தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் கிடைக்கின்றன. தீச் செய்திகளை அன்றைக்கு நம் மொழியில் எப்படி எழுதினார்கள் என்று பார்த்து, அந்த வரிகளையே பலகையில் போடலாம்.

எல்லாவற்றையும்விட அவசரம், ஆள்கள். கருவி இன்னும் பத்து வருடம் கழித்தும் கிடைக்கும். வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்தே இந்த வேலையைச் செய்து வருகிறது, எப்படிக் கேள்வி கேட்பது, எப்படிப் பதிவது என்று அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். பேட்டி எடுக்கும்போது ‘மறக்க முடியாத தீ எது?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஒரே மாதிரி பதில்தான் சொல்வார்கள். இரவுச் சாப்பாடு என்ன, மணி அடித்தால் குவார்ட்டர்ஸில் மனைவி என்ன செய்வார், பூட்ஸை எந்தப் பக்கம் பார்த்து வைப்பார்கள் என்று கேளுங்கள். மனைவிகளிடமும் தனியாகக் கேளுங்கள். ராத்திரி மணிச் சத்தத்துக்கு எழுந்து பழகிய பிள்ளைகள் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பார்கள், அவர்களிடமும்.

என் பங்குக்குச் சில பொருள்கள் தருகிறேன்: பழைய பயிற்சிக் குறிப்பேடு ஒன்று, என் சேவைக்காலத்து இடைவார், நிலைய முற்றத்தில் எடுத்த இரண்டு குழுப் படங்கள். படத்தில் இருப்பவர்களின் சம்மதம் கேட்ட பிறகுதான் மாட்ட வேண்டும், கேட்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

பக்கத்து புளோக் பெரியவர் பேசச் சம்மதித்துவிட்டார். மதியம் தூங்குவார், ஆகையால் நாலு மணிக்குமேல் வாருங்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு நன்றாக மலாய் தெரிந்த ஒருவரையும் கூட்டி வாருங்கள். அவர் காலத்தில் நிலையத்தில் எல்லாரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்களாம், சுவாரசியமான இடம் வந்தால் இன்றைக்கும் தமிழை விட்டுவிட்டு அதற்குத் தாவிவிடுகிறார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தீப்பாதுகாப்பு மேலாளர் ஒருவர்,
சிராங்கூன் சாலை வட்டாரம்